பாக்டீரியாவின் ஜீனோமில் வெளியிலிருந்து வந்த மரபணுக் கொத்துகளைக் கணினிவழி கண்டறிதல்: மதராஸ் காலராவை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையைக் கடந்து தினமும் போய்வருகிற வட சென்னைக்காரர்களுக்கு வாந்திபேதி என்பது புதிய சொல்லன்று. ஆனால் 1992ஆம் ஆண்டில் அன்றைய மதராஸில் தென்பட்ட காலராக் கிருமி, மருத்துவர்களுக்கே புதிதாக இருந்தது. கொள்ளைநோயாகப் பரவும் காலரா என்றாலே, கிருமியின் மேற்பரப்புச் சர்க்கரையைக் கொண்டு பிரிக்கும் வகைகளில் ஓ1 வகைதான் என்று அதுவரை பாடநூல்கள் எழுதிவந்தன. இந்தக் கிருமியோ ஓ1 வகையை அடையாளம் காட்டும் எதிர்ப்பொருளுடன் வினைபுரியவில்லை. ஓ139 என்று அதற்குப் புது எண் கொடுக்க வேண்டியதாயிற்று. மதராஸில் எடுக்கப்பட்ட எம்.ஓ.10 என்னும் திரிபு, உலகெங்கும் உள்ள ஆய்வகங்களில் இன்றும் அந்தக் கிருமியின் மாதிரியாக வைத்துப் படிக்கப்படுகிறது.

அந்தக் கிருமி வானத்திலிருந்து குதித்ததன்று. ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்த எல் டோர் என்னும் ஓ1 உட்பிரிவுக் காலராதான், வேறு பாக்டீரியாக்களிடமிருந்து சில மரபணுக் கொத்துகளைப் பெற்று உருமாறியிருந்தது. அந்தக் கொத்துகள் ஒரே வாசல் வழியாக உள்ளே வரவில்லை என்பதுதான் இந்த வழிகாட்டிக்கு நான் காலராவையே எடுத்துக்காட்டாகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம். பழைய வண்ணாரப்பேட்டையில் என் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் கல்லூரி மாணவர்களுடன் இந்த ஆய்வைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறேன். காலராவின் ஜீனோம், அதாவது அதன் முழு டி.என்.ஏ. தொகுதி, ஏறத்தாழ 40 லட்சம் கார இணைகள் (ஏ, டி, ஜி, சி என்னும் டி.என்.ஏ. எழுத்துகளின் இணைகள்) மட்டுமே கொண்டது என்பதால், இதில் பெரும்பாலான படிகளுக்கு 8 ஜி.பி. நினைவகம் உள்ள சாதாரண மடிக்கணினியே போதும். ஒவ்வொரு முறையும் ஒரே அனுபவம்தான்: ஒரு முறையில் பளிச்சென்று தெரியும் கொத்து, இன்னொரு முறையில் கண்ணிலேயே படுவதில்லை.

எதைத் தேடுகிறோம்

தாயிடமிருந்து மகளுக்கு வராமல், பக்கத்தில் இருந்த வேறோர் உயிரியிடமிருந்து வந்து ஜீனோமில் ஒட்டிக்கொண்ட, அடுத்தடுத்து அமைந்த மரபணுக்களின் கூட்டத்தைத் தேடுகிறோம். இவற்றை மரபணுத் தீவுகள் என்பார்கள். பெரும்பாலானவை 10 ஆயிரம் முதல் 2 லட்சம் கார இணைகள் வரை நீளமுள்ளவை.

பேசின் பிரிட்ஜ் பணிமனையில் நிற்கும் ஒரு ரயில் தொடரை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு பெட்டி மட்டும் வேறு மண்டலத்திலிருந்து வந்து கோக்கப்பட்டிருக்கிறது. அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பெட்டியின் நிறம் மாறியிருக்கலாம். இரண்டு முனைகளிலும் கோத்த இடத்தின் தடயம் தெரியலாம். அதே வண்டியின் சென்ற வாரப் பட்டியலில் அந்தப் பெட்டி இல்லாதிருக்கலாம். அந்தப் பெட்டியின் வகையைக் கொண்டு அது எங்கே கட்டப்பட்டது என்று தேடலாம். இந்த நான்கும்தான் நாம் பயன்படுத்தப் போகும் நான்கு வகை முறைகள்: காரங்களின் கலவை, எல்லைத் தடயங்கள், உறவுத் திரிபுகளுடன் ஒப்பீடு, மரபுவழி மரம். பெரம்பூர்ப் பணிமனையில் வண்ணம் அடித்துவிட்டால் நிறம் காட்டிக்கொடுக்காது என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியாவிலும் அப்படி ஒரு வண்ணப்பூச்சு நடக்கிறது.

படி 1: ஜீனோமைத் தேர்ந்தெடுத்தலும் சரிபார்த்தலும்

முதல் பயிற்சிக்கு முற்றுப்பெற்ற ஜீனோம் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான என்16961 என்னும் எல் டோர் திரிபின் ஜீனோம் இதற்கு மிகவும் பொருத்தமானது. இதில் இரண்டு குரோமோசோம்கள் உள்ளன. முதலாவது 29.6 லட்சம் கார இணைகள் நீளம், இரண்டாவது 10.7 லட்சம். ஜென்பேங்க் என்னும் பொதுத் தரவுத்தளத்தில் ஏ.இ.003852, ஏ.இ.003853 என்ற எண்களில் இரண்டும் கிடைக்கும். ஒப்பிடுவதற்குப் பழைய கிளாசிக்கல் வகையைச் சேர்ந்த ஓ395 திரிபையும், மதராஸின் எம்.ஓ.10 திரிபையும், முடிந்தால் கொள்ளைநோய் பரப்பாத சில காலராத் திரிபுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உறவு மிக நெருக்கமாக இருந்தால் எல்லாத் திரிபுகளிலும் ஒரே தீவுகள் இருக்கும். உறவு மிகத் தொலைவாக இருந்தால் மரபணு வரிசையே கலைந்துபோயிருக்கும். இரண்டு வகையும் கலந்து ஏழெட்டுத் திரிபுகள் இருப்பது நல்லது.

உங்களுடைய சொந்த மாதிரியை வரிசைப்படுத்தி வைத்திருந்தால், இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். குறுந்துண்டு வரிசைகளை மட்டும் கொண்டு ஸ்பேட்ஸ் போன்ற மென்பொருளால் கோக்கப்பட்ட ஜீனோம், திரும்பத் திரும்ப வரும் பகுதிகளில் உடைந்துபோகும். தீவுகளின் ஓரங்களில்தான் தாவும் கூறுகளும் இரட்டித்த வரிசைகளும் அதிகம் என்பதால், நாம் தேடுகிற பொருளின் விளிம்பிலேயே கோவை (துண்டுகளைக் கோத்த தொடர்) அறுந்துவிடுகிறது. நானோபோர் போன்ற நெடுந்துண்டு வரிசைகள் இருந்தால் ஃப்ளை கொண்டு கோத்து, பிறகு பிழை திருத்துவது மேல்.

கலப்படத்தைச் செக்எம், கிராக்கன்2 ஆகிய இரண்டாலும் சோதித்துவிட வேண்டும். இதை நான் வலியுறுத்துவதற்குச் சொந்தக் காரணம் உண்டு. தொடக்க காலத்தில் ஒரு மாதிரியில் 60 ஆயிரம் கார இணைகள் நீளமான அருமையான தீவு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, இரண்டு வாரம் அதன் மரபணுக்களை ஒவ்வொன்றாக விவரித்து எழுதினேன். அது தனித் துண்டாக நின்றது என்பதையும், அதன் இரு பக்கங்களிலும் காலராவின் மரபணு ஒன்றுகூட இல்லை என்பதையும் நான் பார்க்கவே இல்லை. மாதிரியில் கலந்திருந்த வேறொரு பாக்டீரியாவின் துண்டு அது. இந்தப் பிழையில் எனக்குத் துணை உண்டு: 2015ஆம் ஆண்டில் நீர்க்கரடி என்னும் நுண்ணிய விலங்கின் மரபணுக்களில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வெளியிலிருந்து வந்தவை என்று ஒரு குழு அறிவித்தது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கலப்படமே என்பதை மற்றக் குழுக்கள் விரைவிலேயே காட்டின. ஆகவே, துண்டுகளின் வாசிப்பு ஆழத்தை, அதாவது ஓர் இடம் எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்பதை, வரைந்து பாருங்கள். குரோமோசோமின் சராசரி ஆழத்திலிருந்து பெரிதும் விலகும் துண்டு, பிளாஸ்மிடாகவோ (குரோமோசோமுக்கு வெளியே உள்ள தனி டி.என்.ஏ.) கலப்படமாகவோ இருக்க வாய்ப்புண்டு.

படி 2: மரபணுக்களை அடையாளமிடுதல்

பக்டா அல்லது புரோக்கா கொண்டு எல்லாத் திரிபுகளையும் ஒரே பதிப்பில், ஒரே தரவுத்தளத்துடன் அடையாளமிடுங்கள். ஒரு திரிபை ஜென்பேங்கில் இருந்தபடியே எடுத்துக்கொண்டு, இன்னொன்றை நீங்கள் அடையாளமிட்டால், இல்லாத வேறுபாடுகள் தோன்றும். புரத ஆக்கத்துக்கு அமினோ அமிலங்களைக் கொண்டுசேர்க்கும் டி.ஆர்.என்.ஏ. மரபணுக்களை டி.ஆர்.என்.ஏ.ஸ்கேன் கொண்டும், அதன் உறவான டி.எம்.ஆர்.என்.ஏ. மரபணுவை அரகார்ன் கொண்டும் தனியே கண்டறிந்து வைத்துக்கொள்ளுங்கள். அவை படி 4இல் தேவைப்படும்.

படி 3: காரங்களின் கலவை

ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் அதன் டி.என்.ஏ.வில் ஒரு சாயல் உண்டு. ஜி, சி ஆகிய இரு காரங்களின் மொத்தப் பங்கு அதில் எளிமையானது. என்16961இல் இது 47.5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. பைத்தானில் முப்பது வரியில் ஒரு நிரல் எழுதி, 5,000 கார இணைகள் கொண்ட சாளரத்தை 1,000 இணைகள் வீதம் நகர்த்திக்கொண்டே போனால், ஏறத்தாழ 4,000 அளவீடுகள் கிடைக்கும்.

வழக்கமாக மாணவர்கள் சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கத்துக்கு அப்பால் உள்ளவற்றை அந்நியம் என்று குறிப்பார்கள். 4,000 அளவீடுகளும் மணி வடிவ இயல்நிலைப் பரவலாக இருந்தால், ஒரு தீவுகூட இல்லாத ஜீனோமிலும் ஏறத்தாழ 180 சாளரங்கள் இந்த வலையில் விழும். மேலும், காரங்கள் நாணயம் சுண்டினாற்போல் தனித்தனியாக அமைந்திருந்தால், 5,000 இணைச் சாளரத்தில் ஜி.சி. பங்கின் திட்டவிலக்கம் 0.7 சதவீதமே இருக்க வேண்டும். உண்மையான ஜீனோமில் அது அதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும். ஏனென்றால் மரபணுக்கள் சுதந்திரமான எழுத்துகளாக இல்லை. ஆகவே, கணிதச் சூத்திரத்தை நம்பாமல், உங்கள் ஜீனோமிலேயே இடைநிலை மதிப்பையும், அதிலிருந்து விலகும் அளவுகளின் இடைநிலையையும் கணக்கிட்டு வரம்பை வகுத்துக்கொள்வதே சரி. தனிச் சாளரத்தைக் குறிக்காமல், அடுத்தடுத்து ஐந்தாறு சாளரங்கள் ஒரே திசையில் விலகும் இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் இரைச்சல் பெரிதும் குறையும்.

அடுத்தது இரட்டைக் காரங்களின் சாய்வு. 1990களில் கணிதவியலாளர் சாமுவேல் கார்லின் இதை விரிவாக ஆராய்ந்தார். ஒரு ஜீனோமில் சியும் ஜியும் தனித்தனியே 0.24 பங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவை தற்செயலாகச் சேர்ந்தால் சி-ஜி இணை 0.0576 பங்கு வர வேண்டும். எண்ணிப் பார்த்ததில் 0.069 வந்தால், விகிதம் 1.2. இதைப் போல் பதினாறு இணைகளுக்கும், இரு இழைகளையும் சேர்த்து விகிதங்களைக் கணக்கிட்டு, சாளரத்தின் விகிதத்துக்கும் முழு ஜீனோமின் விகிதத்துக்கும் உள்ள வேறுபாடுகளின் சராசரியை எடுத்தால், அந்தச் சாளரம் எவ்வளவு அந்நியமானது என்பதற்கு ஓர் எண் கிடைக்கும். நான்கு காரச் சொற்களை எண்ணினால் 256 சொற்கள், இரு இழைகளையும் ஒன்றாகக் கருதினால் 136. சொல் நீளமாக நீளமாகச் சாயல் துல்லியமாகும். ஆனால் சாளரமும் பெரிதாக வேண்டும், இல்லையேல் எண்ணிக்கை போதாது. சிகி-எச்.எம்.எம். என்னும் முறை கோடான் (ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொல்) பயன்பாட்டை எடுத்துக்கொள்கிறது. ஏலியன் ஹன்ட்டர் பல நீளச் சொற்களைக் கலந்து பார்க்கிறது. இது நிறையத் தீவுகளைப் பிடிக்கும், அதே அளவுக்குத் தவறான எச்சரிக்கையும் கொடுக்கும்.

காலராவில் இந்தப் படி என்ன காட்டுகிறது? முதல் குரோமோசோமில் டி.சி.பி. என்னும் ஒட்டிழைகளை உருவாக்கும் மரபணுக்களைக் கொண்ட வி.பி.ஐ.-1 தீவு, 35 சதவீத ஜி.சி.யுடன் கிணறு வெட்டினாற்போல் வரைபடத்தில் இறங்கும். அதைப் பார்த்ததும் மாணவர்களுக்கு வேலை முடிந்துவிட்ட மகிழ்ச்சி வந்துவிடுகிறது. புரதங்களை உருவாக்கும் ரிபோசோமின் மரபணுக்களும் அதே வரைபடத்தில் துருத்திக்கொண்டு நிற்பதை நான் சுட்டிக்காட்டுவேன். மிகுதியாக வெளிப்படும் மரபணுக்களுக்கும் ரிபோசோம் ஆர்.என்.ஏ. பகுதிகளுக்கும் கலவை இயல்பாகவே வேறு. அவை அந்நியமல்ல, வீட்டுக்குரியவை. அவற்றை முதலிலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

இதைவிடப் பெரிய ஓட்டை இன்னொன்று. ஓ139 காலராவுக்கு மருந்தெதிர்ப்பைக் கொடுத்த எஸ்.எக்ஸ்.டி. என்னும் கூறு, ஏறத்தாழ 1 லட்சம் கார இணைகள் நீளமானது. சல்ஃபமெதாக்ஸசோல், டிரைமெத்தோபிரிம், ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்ஃபெனிகால் ஆகியவற்றுக்கு எதிர்ப்பைச் சுமந்து வந்தது. அதன் ஜி.சி. பங்கோ 47 சதவீதத்தை ஒட்டியது. கிட்டத்தட்ட காலராவின் நிறமேதான். எம்.ஓ.10இல் ஜி.சி. வரைபடத்தை மட்டும் பார்த்தவர், மிக முக்கியமான பெட்டியைப் பார்க்காமலே வீடு திரும்புவார்.

வண்ணப்பூச்சைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வந்து சேர்ந்த டி.என்.ஏ., புது வீட்டின் பிறழ்வுச் சாய்வுகளுக்கு ஆட்பட்டு, காலப்போக்கில் அதன் சாயலைப் பெற்றுவிடுகிறது. லாரன்ஸ், ஆக்மன் என்னும் ஆய்வாளர்கள் 1997இல் இதை விளக்கினார்கள். அடுத்த ஆண்டில் அவர்களே ஈ. கோலையின் 4,288 மரபணுக்களில் 755, சால்மோனெல்லாவிடமிருந்து பிரிந்த பின் வெளியிலிருந்து வந்தவை என்று கணக்கிட்டார்கள். அந்த எண்ணிக்கையே இன்னும் சாயம் பூசப்படாதவற்றின் கணக்குதான். கலவை முறை அண்மையில், தொலைவான இனத்திலிருந்து வந்தவற்றையே காண்கிறது. பழையவற்றையும் அக்கம்பக்கத்து உறவுகளிடமிருந்து வந்தவற்றையும் அது காணாது.

படி 4: எல்லைகளும் நகர்வு மரபணுக்களும்

இப்போது சந்தேகப் பகுதிகளின் ஓரங்களுக்குப் போக வேண்டும். பல தீவுகள் டி.ஆர்.என்.ஏ. மரபணுக்களின் கடைசிப் பகுதியில் செருகிக்கொள்கின்றன. தீவை ஜீனோமில் செருகும் இன்டக்ரேஸ் நொதி அடையாளம் காணும் வரிசை அங்கே இருக்கிறது. டி.ஆர்.என்.ஏ. எல்லா இனங்களிலும் அவ்வளவாக மாறாமல் இருப்பதால், வந்தேறிக்கு எங்கும் இடம் கிடைத்துவிடுகிறது. செருகும்போது உடையும் டி.ஆர்.என்.ஏ.வின் முனையைத் தீவே கொண்டுவந்த நகல் சரிசெய்துவிடும். பழைய முனை, தீவின் மறுகோடியில் இரட்டித்த வரிசையாக எஞ்சி நிற்கும்.

ஆகவே, சந்தேகப் பகுதியின் இரு புறமும் 20 ஆயிரம் கார இணைகள் வரை நீட்டி, அதற்குள் டி.ஆர்.என்.ஏ. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் கடைசி 60, 70 காரங்களை வினாவாக வைத்து, அதே பகுதிக்குள் பிளாஸ்ட் என்னும் வரிசை ஒப்பீட்டுக் கருவி கொண்டு தேடுங்கள். குறுகிய வரிசை என்பதால் சொல் நீளத்தை 7ஆகக் குறைக்க வேண்டும். 15 காரங்களுக்கு மேல் பொருந்தும் இரட்டிப்பு மறுகோடியில் கிடைத்து, டி.ஆர்.என்.ஏ.வை ஒட்டி இன்டக்ரேஸும் இருந்துவிட்டால், எல்லை ஒரு காரம் வரை துல்லியமாகத் தெரிந்துவிடும். வி.பி.ஐ.-1 தீவு எஸ்.எஸ்.ஆர்.ஏ. என்னும் டி.எம்.ஆர்.என்.ஏ. மரபணுவை ஒட்டியும், 57 ஆயிரம் கார இணைகள் கொண்ட வி.பி.ஐ.-2 தீவு ஒரு செரின் டி.ஆர்.என்.ஏ.வை ஒட்டியும் அமைந்திருப்பதை நீங்களே காணலாம்.

டி.ஆர்.என்.ஏ. மட்டுமே வாசல் என்று எண்ணிவிடாதீர்கள். எஸ்.எக்ஸ்.டி. செருகிக்கொள்வது பி.ஆர்.எஃப்.சி. என்னும் சாதாரணப் புரத மரபணுவின் தொடக்கப் பகுதியில், 17 கார நீள வரிசை ஒன்றில். அங்கே அதன் இன்டக்ரேஸும், ஒரு செல்லிலிருந்து மற்றொரு செல்லுக்குக் கடத்தும் முழு இயந்திரமும் இருக்கும். இத்தகைய கடத்தும் கூறுகளைத் தேடும் ஐஸ்ஃபைண்டர் இதைப் பிடித்துவிடும். கலவை முறை தவறவிட்டதை இந்தப் படி மீட்டுக்கொடுக்கிறது.

காலரா நச்சையே உருவாக்கும் மரபணுக்களைச் சுமக்கும் சி.டி.எக்ஸ். ஃபேஜ் இன்னொரு பாடம். இது ஃபேஜ், அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், என்பதை வால்டரும் மெக்கலானஸும் 1996இல் காட்டினார்கள். ஆனால் இதற்குச் சொந்தமாக இன்டக்ரேஸே கிடையாது. குரோமோசோம்களைப் பிரித்துவிடுவதற்காகக் காலரா வைத்திருக்கும் செர்சி, செர்டி நொதிகளையே கடன் வாங்கி, டிஃப் என்னும் இடத்தில் செருகிக்கொள்கிறது. இன்டக்ரேஸ் இருந்தால்தான் தீவு என்று விதி வைத்துத் தேடும் நிரல், காலராவைக் காலராவாக்கும் மரபணுவையே விட்டுவிடும். ஜீநோமாட், ஃபாஸ்டர் போன்ற ஃபேஜ் தேடும் கருவிகளைத் தனியே ஓட்ட வேண்டியதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது குரோமோசோமில் ஏறத்தாழ 1,26,000 கார இணைகள் நீளமான பெரு இன்டெக்ரான் ஒன்றும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு மரபணுப் பெட்டிகள் ஒரே மாதிரியான வரிசைகளால் கோக்கப்பட்டு நிற்கும். இன்டெக்ரான் ஃபைண்டர் அதைத் தனியே குறித்துக் கொடுக்கும். அதை ஒரே தீவு என்று எண்ணிவிடக் கூடாது. பெட்டிகள் தனித்தனியே வந்தவை, கூட்டம் நெடுங்காலமாக அங்கேயே இருப்பது.

படி 5: உறவுத் திரிபில் வெற்றிடத்தைத் தேடுதல்

என்னைக் கேட்டால், மற்றப் படிகளெல்லாம் சந்தேகத்தை எழுப்புவதற்கு, இந்தப் படிதான் தீர்ப்புக்கு. ஒருமுறை ஐலண்ட்வியூவர் என்னும் தீவு தேடும் கருவி வண்ணம் தீட்டிக் காட்டிய பகுதியைப் பார்த்து, "சார், கருவியே தீவுன்னு சொல்லுதே, அப்புறம் நாம எதுக்குத் தேடணும்?" என்று வியாசர்பாடி மாணவர் ஒருவர் கேட்டார். அந்தக் கருவி கலவை, கோடான், டி.ஆர்.என்.ஏ., ஒப்பீடு ஆகிய நான்கு வகை நிரல்களின் முடிவுகளைச் சேர்த்துக் காட்டுவது, மிகவும் பயனுள்ளது. ஆனால் இது சேர்ந்தது என்று அது சொல்லும்போது, சேர்வதற்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது என்பதை நாம்தான் காட்ட வேண்டும்.

செய்முறை எளிது. தீவின் இடப்புறத்தில் 5,000 கார இணைகளையும் வலப்புறத்தில் 5,000 இணைகளையும் வெட்டியெடுத்து, ஒவ்வோர் உறவுத் திரிபிலும் பிளாஸ்ட் கொண்டு தேடுங்கள். இரண்டும் ஒட்டியே கிடைத்து, நடுவில் இரட்டித்த வரிசை ஒரே ஒரு நகலாக இருந்தால், அதுதான் தீவு வருவதற்கு முந்தைய வெற்றிடம். எல் டோரால் உலகெங்கும் பரவிய ஏழாவது காலராக் கொள்ளைநோயின் திரிபுகளுக்கே உரிய வி.எஸ்.பி.-1, வி.எஸ்.பி.-2 ஆகிய தீவுகளை என்16961இல் எடுத்து, கிளாசிக்கல் ஓ395இல் இப்படித் தேடினால், இரு முனைகளும் கைகோத்து நிற்பதைக் காணலாம். எஸ்.எக்ஸ்.டி.க்கான வெற்றிடத்தை என்16961இல் உடையாத பி.ஆர்.எஃப்.சி. மரபணுவாகவே காணலாம். வி.பி.ஐ.-1 இரண்டு கொள்ளைநோய் வகைகளிலும் இருப்பதால், அதற்கான வெற்றிடத்தைக் கொள்ளைநோய் பரப்பாத திரிபுகளில்தான் தேட வேண்டும். படி 1இல் அவற்றைச் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

இரு முனைகளும் கிடைத்து, நடுவில் வேறொரு கொத்து இருந்தால், அந்த இடம் பல வந்தேறிகள் மாறி மாறித் தங்கும் சத்திரம். ஒரு முனை ஒரு துண்டின் கடைசியிலும், மற்றது இன்னொரு துண்டின் தொடக்கத்திலும் கிடைத்தால், கோவை அறுந்திருக்கிறது. எந்த முடிவும் எழுதாதீர்கள்.

வெற்றிடம் மட்டும் போதாது. ஒரு திரிபில் கொத்து இல்லாதிருப்பது, அது பிறகு இழந்ததாலும் இருக்கலாம். இதைப் பிரித்தறிய, பனரூ கொண்டு எல்லாத் திரிபுகளுக்கும் பொதுவான மரபணுக்களைத் திரட்டி, அவற்றிலிருந்து ஐக்யூ-ட்ரீ கொண்டு உறவு மரம் வரைந்து, ஒவ்வொரு கிளை நுனியிலும் கொத்து இருக்கிறதா இல்லையா என்று குறியுங்கள். வெளிக்கிளைகள் எதிலும் இல்லாமல் ஒரே ஒரு கிளைக்குள் மட்டும் இருந்தால், ஒருமுறை வந்தது என்று சொல்வது எளிய விளக்கம். எல்லாக் கிளைகளிலும் இருந்து ஒன்றில் மட்டும் இல்லையென்றால், அங்கே இழப்பு.

இனி, கருவிகளுக்கு மிகவும் சிக்கலான வாசலுக்கு வருகிறேன். ஓ139 வகையை ஓ139 ஆக்கிய மேற்பரப்புச் சர்க்கரைக்கான மரபணுக்கள், எல் டோரில் இருந்த ஏறத்தாழ 22 ஆயிரம் கார இணைகளை அகற்றிவிட்டு, அந்த இடத்தில் 35 ஆயிரம் இணைகளாக வந்து உட்கார்ந்தவை. இங்கே இன்டக்ரேஸும் கிடையாது, ஃபேஜும் கிடையாது, இரட்டித்த வரிசையும் கிடையாது. இரு புறமும் உள்ள பொதுவான மரபணுக்கள் ஒன்றோடொன்று இணைந்து, நடுப்பகுதி முழுவதையும் மாற்றிப் போட்டுவிட்டன. இறால், நண்டு ஆகியவற்றின் ஓடுகளில் உள்ள கைட்டினின் மேல் வளரும்போது, காலராக் கிருமி சுற்றியுள்ள டி.என்.ஏ.வைத் தானாக உள்ளிழுக்கும் என்பது 2005இல் தெரியவந்தது. அந்த வழியாகவே ஓ1 கிருமியை ஓ139 ஆக மாற்ற முடியும் என்று 2007இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். காசிமேட்டில் இறால் உரித்த ஓடுகள் குவிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் செய்தி சற்று வேறுவிதமாகத்தான் கேட்கும்.

இத்தகைய மாற்றத்தைப் பிடிக்க, வெற்றிடத்தைத் தேடிப் பயனில்லை. அங்கே வெற்றிடமே இருக்காது, பழைய குடித்தனம் இருக்கும். ஆகவே, பொது மரபணுக்களின் வரிசையை மட்டும் வைத்து, ஒவ்வோர் இடைவெளியிலும் எந்தத் திரிபில் எந்த மரபணுக்கள் இருக்கின்றன என்று அட்டவணை போடுங்கள். ஒரே இடைவெளியில் திரிபுக்குத் திரிபு உள்ளடக்கம் மாறினால், அது மாற்றிடம். கூடவே, கப்பின்ஸ் கொண்டு எழுத்து வேறுபாடுகள் எங்கே திடீரென அடர்த்தியாகின்றன என்று பாருங்கள். மாற்றிப் போடப்பட்ட பகுதியின் இரு ஓரங்களிலும் உள்ள பொது மரபணுக்களின் சில பகுதிகளும் அந்நியக் கொடையாளரிடமிருந்து வந்திருந்தால், அந்த அடர்த்தி அதைக் காட்டிக்கொடுக்கும்.

படி 6: மரபுவழி மரம்

கொத்திலிருந்து மூன்று நான்கு மரபணுக்களைத் தேர்ந்து, அவற்றின் புரத வரிசைகளைத் தரவுத்தளத்தில் தேடி, மாஃப்ட் கொண்டு அடுக்கி, ஐக்யூ-ட்ரீ கொண்டு மரம் வரையுங்கள். தாவும் கூறுகளை நகர்த்தும் டிரான்ஸ்போசேஸ்களை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அவை எங்கும் தாவுவன, கொத்தின் வரலாற்றைச் சொல்லா. மரபணு மரம் இன மரத்துடன் முரண்பட்டு, அந்த முரண்படும் கிளை எவ்வளவு உறுதியானது என்று ஐக்யூ-ட்ரீ சொல்லும் அதிவேக பூட்ஸ்டிராப் ஆதரவு 95க்குக் குறையாமல் இருந்தால் மட்டும் கடத்தல் என்று பேசலாம்.

பிளாஸ்டில் முதலில் வரும் பெயரைக் கொடையாளர் என்று எழுதுவதுதான் நான் அதிகம் காணும் தவறு. தரவுத்தளத்தில் ஈ. கோலையும் சால்மோனெல்லாவும் மலைபோல் குவிந்திருக்கின்றன. எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றிலோ கொடுங்கையூர்க் கழிவுநீரிலோ வாழ்கிற பெரும்பாலான பாக்டீரியாக்கள் அதில் இல்லவே இல்லை. எஸ்.எக்ஸ்.டி.யின் நெருங்கிய உறவான ஆர்391, ப்ராவிடென்சியா என்னும் வேறொரு பாக்டீரியாவில் கண்டறியப்பட்டது. அதனால் ப்ராவிடென்சியாதான் காலராவுக்குக் கொடுத்தது என்று ஆகிவிடாது. இருவரும் ஒரே குடும்பக் கூறைப் பெற்றிருக்கிறார்கள் என்பது வரைதான் சான்று போகிறது.

வந்த வரிசையை மட்டும் சில வேளைகளில் உறுதியாகச் சொல்ல முடியும். சி.டி.எக்ஸ். ஃபேஜ் காலராவுக்குள் நுழைவதற்கு டி.சி.பி. ஒட்டிழையைத்தான் பிடித்துக்கொள்கிறது. அந்த ஒட்டிழை வி.பி.ஐ.-1இல் இருக்கிறது. ஆகவே, முதலில் தீவு, பிறகு நச்சு. ஒரு கொத்தின் பணியே அடுத்த கொத்தின் காலத்தைச் சொல்லிவிடும் இத்தகைய இடங்களை மரம் காட்டாது, மரபணுக்களைப் படிப்பவர்தான் காண முடியும்.

படி 7: உள்ளடக்கம்

இதில் நீண்ட விளக்கம் தேவையில்லை. மருந்தெதிர்ப்புக்கு ஏ.எம்.ஆர்.ஃபைண்டர்பிளஸ், நோயூக்கிகளுக்கு வி.எஃப்.டி.பி., வேதிப்பொருள் ஆக்கக் கொத்துகளுக்கு ஆன்டிஸ்மாஷ், பிளாஸ்மிடுகளுக்கு மாப்-சூட் ஆகியவற்றை ஓட்டுங்கள். ஆனால் ஒன்றை மனத்தில் இருத்துங்கள்: மருந்தெதிர்ப்பு மரபணு இருப்பது, அந்தப் பகுதி வெளியிலிருந்து வந்ததற்குச் சான்றாகாது. பல பாக்டீரியாக்களில் அத்தகைய மரபணுக்கள் பரம்பரைச் சொத்தாகவே இருக்கின்றன. உள்ளடக்கத்தைக் கடைசியில் பார்க்கச் சொல்வதற்கு இதுவே காரணம். முதலிலேயே பார்த்துவிட்டால், சுவையான மரபணு உள்ள பகுதிகளுக்கு நம்மையறியாமலே சலுகை கொடுத்துவிடுவோம்.

படி 8: பதிவு செய்தல்

ஒவ்வொரு கொத்துக்கும் அட்டவணையில் ஒரு வரி ஒதுக்குங்கள். குரோமோசோம், தொடக்கம், முடிவு, எல்லை எந்தச் சான்றால் தீர்மானிக்கப்பட்டது, கலவை விலகல், நகர்வு மரபணுக்கள், இரட்டித்த வரிசை, வெற்றிடமோ மாற்றிடமோ எந்தத் திரிபில் கிடைத்தது, மரம் முரண்படுகிறதா, நுழைந்த வாசல் என்று நெடுவரிசைகளை வையுங்கள். சான்று இல்லாத கட்டத்தை வெறுமையாக விடாமல், தேடினோம் கிடைக்கவில்லை என்றோ, தேடவில்லை என்றோ எழுத வேண்டும். இவை இரண்டும் ஒன்றல்ல. மூன்று சான்றுகள் வேண்டும் என்று பொத்தாம்பொதுவாக எண்ணிக்கை வைப்பதை நான் ஏற்பதில்லை. ஜி.சி., இரட்டைக் காரம், கோடான் ஆகிய மூன்றும் ஒரே கலவையின் மூன்று நிழல்கள், ஒரே சாட்சியை மூன்று முறை கூண்டில் ஏற்றுவதற்கு ஒப்பானவை.

உங்கள் வழிமுறையைப் புதிய மாதிரியில் ஓட்டுவதற்கு முன், அதை எம்.ஓ.10இல் ஓட்டிப் பாருங்கள். அந்த ஜீனோமின் துண்டுகளாக உள்ள பதிப்பை எடுத்துக்கொண்டால், சொந்த மாதிரியில் வரப்போகும் அறுந்த கோவைகளுக்கும் அதுவே நல்ல ஒத்திகை. வி.பி.ஐ.-1ஐக் கலவையும், எஸ்.எக்ஸ்.டி.யை எல்லைத் தேடலும், சி.டி.எக்ஸ்.ஐ ஃபேஜ் கருவியும், ஓ139 சர்க்கரைக் கொத்தைப் பொது மரபணு இடைவெளி அட்டவணையும் பிடிக்க வேண்டும். நான்கில் எது விடுபடுகிறதோ, அந்தப் படிக்குத் திரும்பிச் சென்று வரம்புகளைத் திருத்துங்கள். திருத்திய வரம்புகளையும், மென்பொருள்களின் பதிப்பு எண்களையும், தரவுத்தளங்களைப் பதிவிறக்கிய தேதியையும் அட்டவணையின் தலைப்பிலேயே எழுதிவிட்டு, அதன் பிறகு உங்கள் சொந்த மாதிரியைத் திறக்கலாம்.